மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மாற்றம் கேட்காதீர்கள்: வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

உலக வங்கியின் நிர்வாக இயக்குநர்களுக்கும், ஏழை நாடுகளுக்கு உதவி தரும் அரசுகளின் அமைச்சர்களுக்கும் வணக்கம்.

நான் வேலூர் மாவட்டத்தில் 34 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து, 2017இல் ஓய்வு பெற்றவள். வேலைக்குச் சேரும்போது இது வட ஆற்காடு மாவட்டம். 1989இல் திருவண்ணாமலை தனியாகப் போனது. நான் ஓய்வு பெற்ற பிறகு ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. மாவட்டத்தின் பெயர் எத்தனை முறை மாறினாலும் ஊர்க்காரர்களுக்கு நான் நர்ஸம்மாதான்.

ஒரு ஏழை நாட்டுக்குப் பணம் கொடுப்பதென்றால் அந்த நாடு முதலில் தன் சமூகத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாமா? பெண்களை நடத்தும் விதத்தை, சட்டங்களை, பழக்கவழக்கங்களை மாற்றினால்தான் உதவி என்று சொல்லலாமா? இந்தப் பேச்சு உங்கள் சபைகளில் பல வருடமாக நடக்கிறது. 2025இல் அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே மூடிவிட்டது. மற்ற நாடுகளும் தொகையைக் குறைத்துக்கொண்டு வருகின்றன. பணம் சுருங்கும்போது, கொடுக்கிற கொஞ்சத்துக்கு நிறையக் கேட்கத் தோன்றும். அதனால்தான் வாங்குகிற பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். நிபந்தனைகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவள் நான்.

எங்கள் வீட்டில் அரிசி கொட்டி வைக்க ஒரு தகர டின் இருந்தது. பள்ளிக்கூடத்து மதிய உணவுக்கு எண்ணெய் வந்த டின். காலியானதும் சமையல் ஆயா அம்மாவிடம் கொடுத்தார். அதன்மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம். அமெரிக்க ஜனங்கள் நமக்குக் கொடுத்தது என்று வாத்தியார் சொன்னார். 1960களில் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் வழியாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் பால் பவுடரும் எண்ணெயும் கோதுமையும் வந்தன. அந்தக் கோதுமை உப்புமாவைத் தின்று வளர்ந்த உடம்பு இது. அந்த நன்றி இன்றும் எனக்கு இருக்கிறது.

அதே வருடங்களில் அந்தக் கோதுமைக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1965லும் 1966லும் இந்தியாவில் மழை பொய்த்தது. அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கோதுமைக் கப்பல்களை மொத்தமாக அனுப்பச் சொல்லாமல், மாதா மாதம் தானே பார்த்துத் திறந்துவிட்டார். இந்தியா விவசாயக் கொள்கையை மாற்ற வேண்டும், ஜனத்தொகையைக் குறைக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. வியட்நாம் போரைப் பற்றி டெல்லி பேசியதும் அவருக்குப் பிடிக்கவில்லை. 1966 ஜூனில் உலக வங்கியின் நெருக்குதலில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலருக்கு 4 ரூபாய் 76 பைசா என்றிருந்தது ஒரே நாளில் 7 ரூபாய் 50 பைசா ஆனது.

ஜனத்தொகை விஷயம் அதோடு நிற்கவில்லை. பத்து வருடம் கழித்து நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 ஆகிய ஒரே வருடத்தில், இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் நடந்தது. பெரும்பாலும் ஆண்களுக்கு. அதில் எவ்வளவு கட்டாயம் என்பது ஊரறிந்த விஷயம். 1976 நவம்பரில் இந்தியாவுக்கு வந்த உங்கள் வங்கியின் அன்றைய தலைவர் மெக்னமாரா அந்த முயற்சியைப் பாராட்டிவிட்டுப் போனார். எனக்கு அப்போது 17 வயது. ஜீப் சத்தம் கேட்டால் ஆண்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கட்டாயம் போய்விட்டது, டார்கெட் மட்டும் அப்படியே இருந்தது. வருடத்துக்கு இத்தனை கேஸ் பிடிக்க வேண்டும். ஆமாம், "கேஸ் பிடிப்பது" என்றுதான் நாங்களே சொல்வோம். மார்ச் மாதம் வந்தால் தூக்கம் வராது. எண்ணிக்கை குறைந்தால் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார்கள், சம்பளம் தள்ளிப்போகும். 1996 ஏப்ரலில்தான் அரசு இந்த டார்கெட் முறையைக் கைவிட்டது.

அந்தக் காலத்தில் நான் ஆபரேஷனுக்கு அழைத்துப்போன ஒரு பெண்ணுக்கு இரண்டு பையன்கள். அவள் இன்னும் யோசிக்க வேண்டும் என்றாள். மார்ச் கடைசி என்பதால் நான் யோசிக்க விடவில்லை. மறு வருடம் சின்னவன் காய்ச்சலில் போய்விட்டான். துணை சுகாதார நிலையத்துத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "அதைத் திரும்பவும் சேர்த்து வைக்க முடியுமா நர்ஸம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வாஷிங்டனிலோ டெல்லியிலோ யாரோ நினைத்த நல்ல எண்ணம், எண்ணிக்கையாக மாறி, மாநிலம், மாவட்டம், பிளாக் என்று இறங்கி இறங்கிக் கடைசியில் என் கையால் அவள்மேல் விழுந்தது. அதை நான் மறக்கவில்லை.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009 வாக்கில் நடந்தது. பீடி சுற்றுகிறவள். மடியில் முறம், முறத்தில் வெட்டின இலை, தூள், நூல். நான் வாசலில் நின்று பேசும்போதும் அவள் விரல் நிற்காது. இலையைச் சுருட்டும், நூலைச் சுற்றும், முனையை மடக்கும், அடுத்த இலையை எடுக்கும். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. ரத்தம் 7 கிராம். ஐந்து மாதம். இது மூன்றாவது, முதல் இரண்டும் பெண்.

அப்போது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 6,000 ரூபாய் கொடுத்தார்கள். கர்ப்பிணி வேலைக்குப் போகாமல் நல்லதாகச் சாப்பிட்டு ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்கான பணம். நம் மாநிலத்தின் நல்ல திட்டங்களில் அது ஒன்று, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்தான். சிறு குடும்பம் என்ற சமூக மாற்றத்துக்காக வைத்த நிபந்தனை. "மூணாவதுக்குக் கிடையாதும்மா" என்றேன். சுற்றுகிற விரல் அப்போதுதான் நின்றது.

"மூணாவது வேணும்னு நானா கேட்டேன் நர்ஸம்மா?"

கேட்டது மாமியார். கேட்டது புருஷன். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. 6,000 ரூபாயை இழந்தது அவளும் வயிற்றிலிருந்த பிள்ளையும். எட்டாம் மாதம் வரை பீடி சுற்றினாள். குழந்தை 1 கிலோ 900 கிராமில் பிறந்தது. நல்லவேளை, பிழைத்தது.

அப்புறம் நான் கவனித்த இன்னொன்றையும் சொல்கிறேன். மூன்றாவது கர்ப்பம் என்றால் பணம் கிடையாது என்று தெரிந்ததும் சிலர் பதிவு செய்யவே வரவில்லை. அடிக்கடி பார்த்துக் கவனிக்க வேண்டியவர்களே கண்ணில் படாமல் போனார்கள். சிலர் அம்மா ஊரில் போய் இரண்டாவது என்று பதிந்துகொண்டார்கள். நிபந்தனையால் வீட்டுக்குள் ஆண் பிள்ளை ஆசை குறையவில்லை, பதிவேட்டில் பொய்தான் கூடியது. ஒரு கர்ப்பிணி 6,000 ரூபாய்க்குச் செய்ததை ஒரு அரசாங்கம் 600 கோடிக்குச் செய்யாதா? கடன் தவணை வருவதற்கு முன்னால் ஒரு சட்டம் போடும், ஒரு ஆணையம் அமைக்கும், அறிக்கை அனுப்பும். ஊருக்குள் எதுவும் நகர்ந்திருக்காது.

உகாண்டாவில் நீங்கள் செய்ததைப் படித்தபோது எனக்கு அந்த முறமும் நின்றுபோன விரலும்தான் ஞாபகம் வந்தன.

2014 பிப்ரவரியில் அங்கே ஓரினச் சேர்க்கையாளர்களைக் கடுமையாகத் தண்டிக்கும் சட்டம் கையெழுத்தானது. மோசமான சட்டம். தன்பாட்டுக்கு வாழ்கிற மனிதர்களை ஜெயிலில் போடுகிற சட்டம் எந்த நாட்டில் இருந்தாலும் போக வேண்டும். உலக வங்கி உடனே 9 கோடி டாலர் கடன் ஒன்றை ஒத்திவைத்தது. அது எதற்கான கடன்? சுகாதாரத்துக்கு. தாய்சேய் நலமும் குடும்பக் கட்டுப்பாடும் அதில் இருந்தன. சட்டத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு அதனால் ஒரு வேளைச் சாப்பாடு குறைந்திருக்காது. அங்கே என்னைப் போல ஒருத்தி பிரசவ வார்டில் கையுறை வந்ததா, மாத்திரை வந்ததா என்று காத்திருந்திருப்பாள்.

அந்தச் சட்டம் அதே வருடம் ஆகஸ்டில் செல்லாமல் போனது. அந்த நாட்டுக்காரர்களே வழக்குப் போட்டார்கள், நாடாளுமன்றத்தில் போதிய உறுப்பினர்கள் இல்லாமல் நிறைவேற்றியது செல்லாது என்று அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றமே சொன்னது. 2023இல் அதைவிடக் கொடூரமான சட்டம் வந்தது, சில குற்றங்களுக்கு மரண தண்டனை வரை. நீங்கள் மறுபடியும் புதிய கடனை நிறுத்தினீர்கள். 2025இல் மறுபடியும் கொடுக்கத் தொடங்கினீர்கள். சட்டம் இருக்கிறது.

2011இல் பிரிட்டிஷ் பிரதமர் கேமரூன், ஓரினச் சேர்க்கையாளர் உரிமையை மதிக்காத நாடுகளுக்கு உதவியைக் குறைப்போம் என்று பேசினார். அப்போது ஆப்பிரிக்காவில் அந்த உரிமைக்காகவே போராடிக்கொண்டிருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். எங்கள் பெயரைச் சொல்லி உதவியை நிறுத்தாதீர்கள், ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாமல் போனதற்கு எங்களைத்தான் கைகாட்டுவார்கள், அந்த ஆஸ்பத்திரிக்கு நாங்களும்தானே போகிறோம் என்பது அதன் சாரம். யாருக்காக நிபந்தனை வைக்கிறீர்களோ அவர்களே வேண்டாம் என்கிறபோது அது யாருக்கான நிபந்தனை? (அந்த மாதிரித் தண்டனைச் சட்டத்தின் வேர் பிரிட்டிஷார் தங்கள் ஆட்சிக் காலத்தில் விட்டுப்போனது. எங்கள் 377ஆவது பிரிவும் 1860இல் அவர்கள் எழுதியதுதான். அதன்படி ஓரினச் சேர்க்கை குற்றம் என்றிருந்ததை நீக்க 2018 வரை ஆயிற்று. இந்த நாட்டு மனிதர்கள் இந்த நாட்டுக் கோர்ட்டில் வருடக்கணக்கில் நடந்து வாங்கிய தீர்ப்பு அது.)

பாதிக்கப்பட்டவர்களே வந்து, எங்களை ஆள்கிறவர்களோடு உறவு வைக்காதீர்கள், பொருள் வாங்காதீர்கள் என்று கேட்டால் அது வேறு. தென் ஆப்பிரிக்காவில் மண்டேலாவின் கட்சி அப்படிக் கேட்டது, உலகம் ஓரளவு கேட்டுக்கொண்டது. முடிவை அவர்கள் எடுத்தார்கள், கஷ்டத்தையும் தெரிந்தே ஏற்றார்கள். என்னுடைய அளவுகோல் அவ்வளவுதான். அவர்களிடம் கேளுங்கள்.

எங்கள் ஊர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியின் கதையை வேலூரில் எல்லோரும் நூறு முறை கேட்டிருப்பார்கள், உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஐடா ஸ்கடர் என்ற பெண், திண்டிவனத்தில் மருத்துவம் பார்த்துவந்த அமெரிக்க மிஷனரியின் மகள். ஒரே இரவில் மூன்று ஆண்கள் அவரிடம் வந்து, மனைவி பிரசவத்தில் தவிக்கிறாள், வாருங்கள் என்றார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் ஓர் இந்து. நான் டாக்டர் இல்லை, என் அப்பா வருவார் என்றார் ஐடா. ஆண் டாக்டர் என் மனைவியைத் தொடக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

உங்கள் இடத்தில் இருக்கிற ஒருவர் இதைக் கேட்டால், "இந்தச் சமூகம் முதலில் மாறட்டும், அப்புறம் ஆஸ்பத்திரி கட்டலாம்" என்று எழுதக்கூடும். அந்த எழுத்தில் நியாயமும் இருக்கும். ஐடா அமெரிக்கா போனார், கார்னெல்லில் மருத்துவம் படித்தார், 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கிக்காரர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் 1902இல் இங்கே பெண்களுக்கான மருத்துவமனை திறந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆண் மாணவர்களைச் சேர்த்ததே 1947இல்தான்.

அந்த 10,000 டாலருக்கு, வேலூர் ஆண்கள் மனம் மாற வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் வாசலுக்கு உள்ளேயே செத்திருப்பார்கள்? இன்று இந்த ஊரில் பெண் டாக்டர் என்பது யாரும் திரும்பிப் பார்க்காத விஷயம். அந்த மாற்றம் மருந்துப் பெட்டிக்கு உள்ளேயே இருந்து வந்தது. மதம் பரப்பும் ஆசையும் அந்த மிஷனரிகளுக்கு இருந்தது, மறைக்கத் தேவையில்லை. என் பாட்டி அந்தப் பயத்திலேயே ரொம்ப நாள் அந்தப் பக்கம் போகவில்லை. கடைசியில் கண் ஆபரேஷனுக்குப் போனாள். நெற்றியில் விபூதியோடுதான் போனாள், விபூதியோடுதான் திரும்பி வந்தாள்.

பள்ளிக்கூடத்துச் சாப்பாடும் அப்படித்தான். சாதியை விட்டால்தான் சோறு என்று யாரும் வீட்டில் போய்ச் சொல்லவில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கியபோதும் சொல்லவில்லை. ஒரே வரிசையில் உட்கார வைத்து ஒரே பானையிலிருந்து பரிமாறினார்கள், அவ்வளவுதான். தலித் பெண் சமைத்தால் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்கிற ஊர்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே அதிகாரிகள் போய் அந்தப் பெண்ணைச் சமையலறையிலேயே நிறுத்த வேண்டும், சோற்றை நிறுத்தக் கூடாது.

எந்த நிபந்தனையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. பெண் எட்டாம் வகுப்பாவது படித்திருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், 5,000 ரூபாய் கிடைக்கும். பிறகு பத்தாம் வகுப்பாக்கினார்கள். "இன்னும் ரெண்டு வருஷம் படிக்கட்டும், பணம் வரும்" என்று அப்பாக்கள் கணக்குப் போட்டதை நானே கேட்டிருக்கிறேன். பங்களாதேஷிலும் 1990களில், பெண் பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காக வந்து, கல்யாணம் ஆகாமலும் இருந்தால் உதவித்தொகை என்று செய்தார்கள், உங்கள் வங்கியின் பணமும் அதில் இருந்தது. இதெல்லாம் கூடுதலாகக் கிடைக்கிற பணம். தகுதி இல்லையென்றால் யாருக்கும் ஊசி நின்றுபோகாது. அந்த நாட்டு அரசு வைத்த நிபந்தனை என்பதால் பிடிக்காவிட்டால் ஜனங்கள் ஓட்டுப் போட்டு மாற்றலாம். உங்கள் சபையை நாங்கள் எந்தத் தேர்தலில் மாற்றுவது?

அதுவும் உங்கள் நிபந்தனைகள் உங்கள் ஊர்த் தேர்தலோடு சேர்ந்து திரும்புகின்றன. கருக்கலைப்பைப் பற்றிப் பேசுகிற வெளிநாட்டு அமைப்புக்கு அமெரிக்கக் குடும்பக் கட்டுப்பாட்டுப் பணம் கிடையாது என்ற விதி 1984இல் வந்தது. 1993இல் போனது, 2001இல் வந்தது, 2009இல் போனது, 2017இல் வந்தது, 2021இல் போனது, 2025இல் மறுபடியும் வந்துவிட்டது. ஒரு கிராமத்து கிளினிக் இதற்கெல்லாம் எப்படிக் கதவைத் திறந்து திறந்து மூடும்?

எய்ட்ஸ் விஷயத்திலும் இதைத்தான் பார்த்தோம். இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது 1986இல். சென்னையில் பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்தத்தை எடுத்துவந்து இங்கே வேலூர் சி.எம்.சி.யில்தான் சோதித்தார்கள். அந்தப் பெண்களை நம்பிப் பேசியதால்தான் தமிழ்நாட்டில் தடுப்பு வேலை நடந்தது, அதில் அமெரிக்கப் பணமும் இருந்தது. அப்புறம் 2003இல் வாஷிங்டனில் ஒரு விதி போட்டார்கள். பாலியல் தொழிலை எதிர்ப்பதாக எழுதிக் கொடுத்தால்தான் பணம். நாளைக்கு யாரிடம் போய் ஆணுறை கொடுக்க வேண்டுமோ அவர்களையே இன்று கண்டித்துக் கையெழுத்துப் போட வேண்டும். 2005இல் பிரேசில் 4 கோடி டாலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவர்கள் செய்தது சரி.

இனி உங்களிடம் கேட்பது. கணக்குக் கேளுங்கள், பைசா பைசாவாகக் கேளுங்கள். உதவி எல்லோருக்கும் போகிறதா என்று நேரில் வந்து பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் தலித்துகளை முகாமிலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஒதுக்கினார்கள். அந்த மாதிரி இடத்தில் கொடுப்பவர் கையைப் பிடித்து நிறுத்தி, "இவருக்கும் கொடு" என்று சொல்வது உங்கள் கடமை. ஒரு அரசு கொலைகாரச் சட்டம் போட்டால், அந்த அரசின் அதிகாரிகளுக்கு விசாவை நிறுத்துங்கள், அவர்களுக்கு ஆயுதம் விற்காதீர்கள், கடனை அரசு கஜானா வழியாக அனுப்பாமல் ஆஸ்பத்திரி வழியாக அனுப்புங்கள். அந்த ஊரிலேயே அடி வாங்கிக்கொண்டு போராடுகிறவர்களுக்கு வக்கீல் செலவுக்கும் ஆபீஸ் வாடகைக்கும் கொடுங்கள். தடுப்பூசியையும் பிரசவ வார்டையும் பள்ளிச் சோற்றையும் மட்டும் பேரம் பேசும் மேஜைக்குக் கொண்டு வராதீர்கள். எந்த நாட்டு எந்தச் சட்டத்துக்காகவும் வேண்டாம்.

எங்கள் ஜவ்வாது மலைப் பக்கம் இன்றும் 15, 16 வயதில் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கிறது. அதைத் தடுக்க நான் போய் நின்றிருக்கிறேன், திட்டு வாங்கியிருக்கிறேன், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் போட்டுத் தாலி கட்டுவதற்கு முன்னால் நிறுத்தியும் இருக்கிறேன். மாற்றம் வேண்டும் என்பதில் உங்களைவிட எனக்கு அவசரம் அதிகம். ஆனால் என் கண்ணுக்குத் தப்பிக் கல்யாணமாகி, 16 வயதில் வயிற்றோடு வந்து நின்றவளுக்கும் நான் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன், ரத்த அழுத்தம் பார்த்தேன், பிரசவத்துக்குக் கூடவே வண்டியில் ஏறிப் போனேன். போகிற வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
வேலூர் மாவட்டம்.